வெள்ளம் வடியும் ஆற்றில் கால் வைக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

இலையுதிர்காலத்தில் கனமழை கொட்டி, டிரவுட் என்ற குளிர்நீர் மீன் வாழும் ஆறு கலங்கிவிட்டால், இனி தெளிகிற வரைக்கும் ஒன்றும் கிடைக்காது என்று தூண்டிலைச் சுருட்டி வைப்பவர்கள் நிறையப் பேர். அதற்கு அவசியமே இல்லை. தண்ணீர் ஏறுகிறதா, வடிகிறதா என்று பார்த்தால் போதும். ஏறும் தண்ணீரில் மண்ணும் குப்பையும் சேர்ந்து வரும், கொக்கியில் உதிர்ந்த இலைதான் மாட்டும். வடியத் தொடங்கி, முழங்கால் தண்ணீரில் நம் பூட்ஸ் மங்கலாகத் தெரிகிற அளவுக்குக் கலங்கல் குறைந்துவிட்டால் அதைப்போல நல்ல நேரம் கிடையாது. கோடையில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே திணறும் மீன், குளிர்ந்த நீரில் பிராணவாயு கூடுவதால் நன்றாக இரை எடுக்கும். நடு ஆற்றின் இழுப்போடு மல்லுக்கட்டாமல் கரையோரத்திலும் பாறை மறைவிலும் ஒதுங்கி நிற்கும், அதனால் எடுத்ததுமே தூரமாக வீசாதீர்கள், காலடித் தண்ணீரில்தான் முதலில் போட வேண்டும். கலங்கலில் சின்ன ஈ (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) எடுபடாது. சிறு மீன் போலக் கட்டிய கறுப்பான பெரிய ஸ்ட்ரீமர், இல்லாவிட்டால் நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போலக் கட்டிய, தரையை ஒட்டிப் போகும் கனமான நிம்ஃப், அவ்வளவுதான்.

சரி, நான் எழுத வந்தது வேறு விஷயம். பழுப்பு டிரவுட் முட்டையிடுவதும் இதே பருவத்தில்தான், மழையில் ஆறு பெருகும்போது அவை மேல்நோக்கி ஏறி சரளைக்கல் படுகைகளுக்கு வந்து சேர்கின்றன. பெண் மீன் ஒருக்களித்து வாலால் அடித்துக் குழி பறித்து, முட்டையிட்டு, அப்புறம் நீரோட்டம் வரும் பக்கத்துச் சரளையைத் தள்ளி மூடிவிடும். இதுதான் அதன் கூடு. பாசி படிந்த கற்களுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் கழுவி விட்டது போல வெளுப்பாக இருக்கும், முன்னால் ஒரு பள்ளம், அதன் கீழ்ப்பக்கம் ஒரு மேடு. முட்டைகள் அந்த மேட்டுக்குள் இருக்கின்றன. 10 டிகிரி நீரில் பொரிக்கவே சுமார் 40 நாள் ஆகும், குளிர் கூடினால் இன்னும் தாமதம், பொரித்த குஞ்சுகளும் பல வாரம் சரளைக்குள்ளேயே கிடக்கும். ஒரு பூட்ஸ் மிதி போதும், உள்ளே இருப்பதில் பல நசுங்கிவிடலாம்.

மழைக்குப் பிறகு இந்தக் கூடுகள் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் என் கவலை. தெளிந்த நீரில் விலகி நடப்பவர்கள்கூடக் கலங்கலில் தெரியாமல் மிதித்துவிடுகிறார்கள். ஆகவே தண்ணீர் முழுக்கத் தெளியும் வரை ஆழமில்லாத சரளைப் பகுதியில் இறங்கவே கூடாது, கரையில் நின்றே வீசலாம், மீனும் அங்கேதானே நிற்கிறது! நம் உயிருக்கும் அதுதான் நல்லது, நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஜோடி சேர்ந்து முட்டையிட நிற்கும் மீன்மீது, அங்கே பருவத் தடை இல்லாவிட்டாலும், தயவுசெய்து தூண்டில் போடாதீர்கள்.

தூண்டில் பற்றிய செய்திகளில் எந்த ஈ கட்டுவது என்று எழுதும் இடத்தில், இந்தக் கூடுகளை எப்படி அடையாளம் காண்பது என்றும் ஒரு படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்