ஈயம், ஆர்செனிக் அளவிடுவதில் கவனம் தேவை

ஆசிரியருக்கு,

ஈயத்தோடு வேலை செய்வோருக்கு இங்கே சிங்கப்பூரில் சட்டப்படி ரத்தப் பரிசோதனை உண்டு. கலப்படக் குங்குமம், மஞ்சள்தூள் வழியாக ஈயம் சேருகிறதா என்று பொதுமக்களையும் தேசிய அளவில் கண்காணிக்க வேண்டும். அமெரிக்கா 1976இலேயே தொடங்கிவிட்டது.

மாதிரி எடுப்பதில்தான் கோட்டைவிடுவார்கள். விரல் நுனியில் குத்தினால் தோலில் ஒட்டிய ஈயமும் சேர்ந்து அளவைக் கூட்டிவிடும். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினால், கையில் ரத்தநாளத்திலிருந்து எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

இன்னொரு நச்சுப்பொருளான ஆர்செனிக்கை அளப்பது இன்னும் சிக்கல். மீன்தலைக் கறி சாப்பிட்ட மறுநாள் சிறுநீரில் மொத்த அளவு எகிறும். அது பெரும்பாலும் கடலுணவிலுள்ள தீங்கற்ற வகை. 3, 4 நாள் கடலுணவைத் தவிர்க்கச் சொல்லலாம் (நம்மூரில் யார் கேட்பார்கள்!), இல்லையேல் நச்சு வகையான கனிம ஆர்செனிக்கைத் தனியே பிரித்து அளக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும் என்பதால் கிரியேட்டினினையும் (சிறுநீரில் ஓரளவு சீராக வெளியேறும் கழிவுப்பொருள்) உடன் அளப்பது அவசியம்.

தொழில்சார் சுகாதாரத் துறையினர் சிலர்,
சிங்கப்பூர்