பாரியோவில் இடம் விட்டுக்கொடுத்த அங்கிளுக்கு

மலேசியாவின் சரவாக் மலைமேல் உள்ள பாரியோவிலிருந்து மிரி நகருக்குப் போகும் ட்வின் ஆட்டர் என்ற குட்டி விமானத்தில் 19 இருக்கைதான். 1965-இல் முதன்முதலாகப் பறந்த ரகம். குட்டை ஓடுபாதைக்கு இன்றும் அதுதான் கதி. அன்று காலை எல்லா இடமும் நிரம்பிவிட்டது. என் மடியில் மகனுக்கு 40 டிகிரி காய்ச்சல். மரலாரிப் பாதையில் போனால் ஒரு நாள் ஆகிவிடும்.

அங்கே விமானத்தில் ஏறுமுன் பையோடு ஆளையும் நிறுப்பார்கள். தராசில் ஏறிய நீங்கள், முள் நிற்குமுன் இறங்கி, "இவங்க போகட்டும்" என்று மலாயில் சொன்னீர்கள். நான் வாயே திறக்கவில்லை, அங்கிள். உங்கள் ஜாக்கெட்டை அவன் காலில் போர்த்திவிட்டு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டீர்கள்.

மகன் தேறிவிட்டான். உங்களுக்குத் தமிழ் தெரியாது. பாரியோ பக்கம் போகிறவர்கள் யாராவது இதைப் படித்துச் சொல்லுங்களேன். ஜாக்கெட் என்னிடம்தான் இருக்கிறது, துவைத்து வைத்திருக்கிறேன்.