பிக்தாலின் மொழிபெயர்ப்புப் பணி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வெளியான, மேலைநாட்டு முஸ்லிம் அறிஞர்களைப் பற்றிய கட்டுரையில், மர்மதூக் பிக்தால் 1917இல் லண்டனில் இஸ்லாத்தைத் தழுவிய செய்தி மட்டுமே இரண்டு வரிகளில் இடம்பெற்றிருந்தது. ஆங்கிலிக்கன் பாதிரியார் ஒருவரின் மகன், நாவலாசிரியர் என்ற விபரங்கள்கூட அதில் இல்லை.

குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த அவருடைய பெரும்பணி அதன் பின்னர்தான் தொடங்கியது. 1920இல் பம்பாய்க்கு வந்து பத்திரிகை ஆசிரியராக இருந்த அவர், 1925 முதல் ஹைதராபாத்தில் பாடசாலை அதிபராகப் பணியாற்றினார். குர்ஆன் பணியை முடிப்பதற்காக ஹைதராபாத் மன்னரான நிஜாம் அவருக்கு முழுச் சம்பளத்துடன் இரண்டாண்டு விடுமுறை வழங்கினார். எகிப்துக்குச் சென்று அரபு அறிஞர்களுடன் அமர்ந்து தம் பிரதியைத் திருத்தியபோது, வேதத்தை மொழிபெயர்ப்பதே தகாது என்று அங்கே எதிர்ப்பும் எழுந்தது. குர்ஆனை மொழிபெயர்க்க இயலாது என்பதே பிக்தாலின் நம்பிக்கையாகவும் இருந்தபடியால், 1930இல் வெளியான நூலுக்குக் குர்ஆனின் 'பொருள்' என்றே பெயரிட்டார். இந்த அடக்கம் என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.

கம்பளையில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில், தமிழ்ப் பெயர்ப்பையும் பிக்தாலையும் அருகருகே வைத்து வாசித்தே சொல்லின் கனத்தை நான் உணர்ந்தேன். மலையகத் தமிழ், முஸ்லிம் மாணவர் இருசாராருக்கும் பயன்படும் வகையில், 1936இல் மறைந்த அவரைப் பற்றி விரிவான கட்டுரையொன்றை வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கம்பளை.