சில்லறை கேட்பது திமிரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னை மின்சார ரயில் நிலையங்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை வந்த கட்டுரையில், 'மேசை நிறையப் பணத்தை வைத்துக்கொண்டே சில்லறை இல்லை என்று விரட்டுகிறார்கள்' என்று ஒரு வரி. மேசை நிறையப் பணமாம்! உங்களுக்குத் தெரியாததல்ல, நிருபருக்காகச் சொல்கிறேன். அந்த டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான்.

குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். அதற்கு 500 ரூபாய்த் தாளை நீட்டினால் 495 திருப்பித் தர வேண்டும். அடுத்தவரும் அதே தாளோடு வந்தால்? பத்தும் இருபதும் முன்னால் நின்றவர்கள் கொடுத்தால்தான் உண்டு. சொந்தப் பையிலிருந்து கொடுக்கக் கூடாதா என்பார்கள். கூடாது. டியூட்டியில் ஏறும்போதே கையில் உள்ள சொந்தப் பணத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் விஜிலென்ஸ், அதாவது ரயில்வேயின் கண்காணிப்புப் பிரிவு, வந்து எண்ணினால், அந்தத் தொகையும் விற்பனையும் சேர்ந்து காசு பிசகாமல் இருக்க வேண்டும். குறைந்தால் கைக்காசைக் கட்டணும். கூடினால் அது ரயில்வேக்குப் போகும். 'யாரிடம் பறித்தாய்' என்ற கேள்வி மட்டும் நமக்கு.

'பட்டனைத் தட்டினால் டிக்கெட் வருகிறது' என்பது பழைய பல்லவி. டிக்கெட் காகித ரோலில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் எண் முன்பே அச்சாகியிருக்கும். ரோல் மாற்றியதும் முதல் எண்ணைக் கணினியில் ஏற்ற வேண்டும். காகிதம் சிக்கி ஒரு டிக்கெட் நகர்ந்துவிட்டால், அதன் பிறகு வருவதெல்லாம் திரையில் ஓர் எண், தாளில் ஓர் எண். உடனே நிறுத்தி, கெட்டதை நான்-இஷ்யூ, அதாவது விற்காத டிக்கெட், என்று போட்டு, கிழிந்த தாளைக் கணக்கோடு இணைத்து, அப்புறம்தான் அடுத்த ஆள். வெளியே நிற்பவர் பார்வைக்கு அது 'உள்ளே அரட்டை'.

க்யூஆரில் பணம் கட்டும் வசதி வந்ததும் எல்லாம் தீர்ந்துவிட்டதாக முன்பு ஒருமுறை எழுதினீர்கள். வங்கியிலிருந்து பதில் வராமல் டிக்கெட் அச்சாகாது. பணம் பிடித்தும் டிக்கெட் வரவில்லையென்றால் அது அவரவர் கணக்குக்கே திரும்பும். ஜன்னலில் ரொக்கமாக எடுத்துத் தர வழியில்லை. இதைச் சொன்னாலும் திமிர். தப்பான ஊருக்கு வாங்கிவிட்டு ரத்து செய்யச் சொல்கிறவர்களுக்கும் ஒன்று: முன்பதிவில்லா டிக்கெட்டுக்கு ரத்துப் பிடித்தம் 30 ரூபாய். 5 ரூபாய் டிக்கெட்டில் 30 ரூபாயை எங்கிருந்து பிடிப்பது?

இதற்கு நடுவில் வண்டி பற்றிக் கேட்கும் பயணிகளுக்குப் பதில் சொல்லும் விசாரணை வேலை. நம் பக்கத்துச் சின்ன நிலையங்களில் அதற்குத் தனி ஆள் ஏது? 'அடுத்த வண்டி பீச்சா, சென்ட்ரலா?' என்பதுதான் நாள் முழுக்க. கொருக்குப்பேட்டையோடு பாதை பிரிகிறது: பேசின் பிரிட்ஜ் வழியாகப் போனால் சென்ட்ரல், வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகப் போனால் கடற்கரை. ராயபுரம் போகிறவர் சென்ட்ரல் வண்டியில் ஏறிவிட்டால் கொருக்குப்பேட்டையிலேயே இறங்கி மாற வேண்டும். இதை ஒவ்வொருவருக்கும் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து 'டிக்கெட்டைக் கொடுய்யா' என்று குரல். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு அந்த டிக்கெட்டையும் இங்கே கேட்கிறார்கள். வண்டி ஏன் தாமதம் என்றால், ஸ்டேஷன் மாஸ்டருக்கு கன்ட்ரோல் அறை சொல்வதுதான் நமக்கும் தெரியும். அத்திப்பட்டைத் தாண்டினால் எக்ஸ்பிரஸ், சரக்கு, மின்சார ரயில் எல்லாம் ஒரே தண்டவாளத்தில். யாரை ஓரங்கட்டுவார்கள் என்பது கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்குத் தெரியும். வசவு வாங்குகிறவர் புக்கிங் கிளார்க்.

நிருபர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். பராமரிப்புப் பணிக்காக ரயில் ரத்து என்று செய்தி வரும்போது, சென்ட்ரலிலிருந்து புறப்படும் நேரத்தை மட்டும் போட்டு விட்டுவிடுகிறீர்கள். பொன்னேரியில் நிற்பவருக்கு அது எந்த வண்டி என்று எப்படித் தெரியும்? இரண்டு திசையும், மீஞ்சூரிலோ எண்ணூரிலோ பாதியில் நின்று திரும்பும் வண்டிகளும், இடை நிலையங்களுக்கு வரும் நேரத்தோடு முந்தின நாளே வரட்டும். அரைப் பத்தி போதும். சினிமா விளம்பரத்துக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புக்கிங் கிளார்க்,
திருவொற்றியூர்.