என்ஜின் ஏன் போனது?

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

ஹைவேயில் 100இல் ஓடும்போது என்ஜின் நின்றும், கையும் காலும் பதறாமல் ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாயே, அம்மாவுக்கும் எனக்கும் அதுவே போதும். இனி வண்டியின் கதை. போனில் சொன்னால் பாதி விடுபட்டுப் போகும். இதைக் கையில் வைத்துக்கொண்டு கராஜுக்குப் போ.

திறப்பை நீயே வைத்திரு. "ஒருக்கா ஸ்டார்ட் அடிச்சுப் பாப்பம்" என்று மெக்கானிக் பாஸ் கேட்டாலும் விடாதே. இந்த போர்ஷ் பொக்ஸ்டர் என்ஜினில் டைமிங், அதாவது வால்வும் பிஸ்டனும் இசைந்து ஓடும் நேரம், தவறினால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். இப்போது இரண்டு வால்வுதான் வளைந்திருக்கிறது என்றாலும், இன்னொரு முறை சுற்றினால் மிச்சமும் போகும். வேறு கராஜுக்கு மாற்றுவதென்றால் கார் கரியரில் மட்டும் ஏற்று. இழுக்கும் கொக்கி முன்பக்க டூல் பெட்டிக்குள் இருக்கும், பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றித் திருகிப் பூட்ட வேண்டும். மூக்கு தாழ்வு, ஏற்றும்போது பலகை வைக்கச் சொல்.

அடுத்தது ஒயில். எட்டரை லீற்றர் அளவில் வரும், நல்ல சுத்தமான தட்டில் இறக்கச் சொல். அதில் ஒரு போத்தலை நீ எடுத்து வை. பில்டரைக் குப்பையில் போட விடாதே. உள்ளே இருப்பது கடதாசி பில்டர். அதை வெட்டி, மடிப்புகளை விரித்து, வெயிலில் வைத்துப் பார். பிறகு காந்தம் பிடி. என்ஜின் எதனால் போனது என்பதில் முக்கால்வாசி அந்த மடிப்புகளுக்குள்ளேயே தெரியும்.

காந்தத்தில் ஒட்டும் மினுக்கம் இரும்பு. முதலில் சந்தேகப்பட வேண்டியது இடைத்தண்டின் பெயரிங்கை. பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டிலிருந்து செயின் வழியாகச் சுற்றி, வால்வுகளைத் திறக்கும் கேம்களை ஓட்டும் தண்டு அது. கியர் பெட்டியை ஒட்டிய, பிளைவீல் பக்க முனை ஒரு மூடிய போல் பெயரிங்கில் நிற்கிறது. நாள்பட அதற்குள் இருந்த கிரீஸ் கழுவுண்டு போகும். உள்ளே புகுந்த பழைய ஒயில் வெளியேற வழியில்லை. குண்டுகள் தேய்ந்து, தண்டு ஆடி, செயின் பல் தாண்டினால் டைமிங் போய்விடும். இது உலகம் அறிந்த விஷயம், அமெரிக்காவில் வழக்கு நடந்து 2013இல் இணக்கமாக முடிந்தது. ஆனால் உன் வண்டியில் நடந்ததும் இதுதான் என்று பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

காந்தத்தில் ஒட்டாத வெள்ளித் தூள் அலுமினியம், பிஸ்டனோ சிலிண்டர் சுவரோ உரசியிருக்கிறது. செம்பு நிறச் செதிள் கண்டால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டின் பெயரிங். கபில நிறக் கெட்டிப் பிளாஸ்டிக் துண்டுகள் செயின் ஓடும் பட்டைகளிலிருந்து வருபவை, அவை மட்டும் என்றால் அவ்வளவு பயம் இல்லை. ஒயில் பாற்கோப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நிற்கும் முன் பின்னால் வெள்ளைப் புகை மூடியதா, மழைவெள்ளத்துக்குள்ளால் போனாயா என்பதையும் யோசித்துப் பார். இந்த வண்டி காற்றை இழுப்பது இடது கதவுக்குப் பின்னால் உள்ள வாயால். தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் கொன்ரொட் வளைந்திருக்கலாம்.

பிறகு ஆறு பிளக்குகளையும் கழற்றச் சொல். சீற்றுக்குப் பின்னால் உள்ள பலகையை எடுத்தால் கிராங்க் கப்பி தெரியும். அதன் நட்டில் ஸ்பானர் போட்டு, என்ஜின் வழக்கமாக ஓடும் திசையில் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும், பலம் போடக்கூடாது. இரண்டு முழுச் சுற்றும் தடையின்றி வந்தால் லீக்-டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அடைத்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது. காற்று சைலென்சரில் கேட்டால் எக்ஸோஸ்ட் வால்வு, ஒயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங், கூலன்ட் தாங்கியில் குமிழி வந்தால் சிலிண்டரின் மேல் மூடியான ஹெட் பக்கம் பழுது.

இவ்வளவும் பார்க்காமல் "வேற என்ஜின் போடுவம்" என்பவரிடம் வண்டியை விடாதே. இதை மட்டும் அப்பா கெஞ்சிக் கேட்கிறேன். பழைய என்ஜினின் இரும்புத் தூள் ஒயில் கூலருக்குள் தங்கியிருக்கும். அதை எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. புதிதாக வந்த என்ஜினில் அதே கூலரைப் பூட்டினால், அந்தத் தூள் நேரே புதிய பெயரிங்குகளுக்குள் போகும். கூலர் புதிதாகவே வேண்டும்.

மாற்று என்ஜின் எடுப்பதென்றால், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் டொயோட்டா என்ஜின் தேடுவது போல எண்ணாதே. உன்னுடையது 2002, 2.7 லீற்றர், என்ஜின் வகை எம்96.22. 2003 மொடலிலிருந்து வந்தது எம்96.23. அதில் கேமின் நேரத்தை மாற்றும் அமைப்பே வேறு, உன் வண்டியின் என்ஜின் கொம்பியூட்டர் அதை ஓட்டாது. சரியான இலக்கம் கிடைத்தாலும், ஏற்றும் முன் அதன் பில்டரையும் வெட்டிப் பார்க்க வேண்டும். கியர் பெட்டி கழன்று கிடக்கும்போதே இடைத்தண்டு பெயரிங், கிராங்கின் பின் சீல், கிளச் மூன்றையும் மாற்று. பெயரிங் மாற்றுகிறவர் முதலில் கிராங்கையும் கேமையும் பூட்டி நிறுத்துகிறாரா என்று கிட்ட நின்று பார். அந்த வேலைக்கான டூல் இல்லை என்றால் வேறு ஆளைத் தேடு. வாட்டர் பம்ப், ஒயில் ஆவி பிரிப்பான், தேர்மோஸ்டற் எல்லாம் அதே நேரத்தில் புதிதாகப் போடு. முன் பம்பருக்குள் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் இடையில் காய்ந்த இலை அடைந்திருக்கும், பம்பரைக் கழற்றித் துப்புரவாக்கச் சொல்.

ஓடத் தொடங்கி 500 கிலோமீற்றரில் ஒயிலும் பில்டரும் மாற்றி, அந்த பில்டரையும் வெட்டு. ஒக்டேன் 95க்குக் குறைந்த பெற்றோல் வேண்டாம்.

காசு கொடுக்கும் முன் வாகனப் புத்தகத்தை எடு. என்ஜின் இலக்கம் அதில் பதிவாகியிருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும், அதற்கு இறக்குமதி செய்த என்ஜினின் சுங்கப் பத்திரம் வேண்டும். லீசிங் முடியாமல் இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதமும் எடு. பத்திரம் இல்லாத என்ஜின் எவ்வளவு மலிவென்றாலும் தொடாதே, விற்கும் நாளில் மாட்டுவாய். இன்சூரன்ஸ் தேய்ந்து போனதற்குப் பொதுவாகத் தராது. வெள்ளத் தண்ணீர் என்றால் பொலிசியைக் கவனமாக வாசி.

கணக்குப் போட்டபின் மனம் வராவிட்டால், அப்படியே விற்றாலும் குறையில்லை. பொடி, கியர் பெட்டி, சில்லு, உட்பகுதி எல்லாம் நன்றாக இருக்கிற வண்டி. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனத்துக்குத் திறந்தார்கள், பழைய வண்டிக்கும் பாகத்துக்கும் தேடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பிரித்துக் கிடக்கிற வண்டியை அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். அதனால் முடிவெடுக்கும் வரை கராஜ்காரர் என்ஜினை இறக்க விடாதே.

சனிக்கிழமை காலை நானும் கராஜுக்கு வருகிறேன். அதுவரை பில்டரைப் பொலித்தீன் பையில் கட்டி வீட்டில் வை. காந்தம் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா