இரண்டாவது லாட்டை நிறுத்தி வையுங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி நிர்வாகத்தாருக்கு, வணக்கம்.

தங்கள் பண்ணை இயந்திரக் கொட்டகையில் கிடந்த பழைய இயந்திரங்களில் பாதி போன மாதம் முதல் லாட்டாக, அதாவது முதல் தொகுதியாக, ஏலத்தில் போனது. உத்தரவில் கையெழுத்திட்டவர்களே தாங்கள்தான் என்பதால் விவரம் சொல்லத் தேவையில்லை. மிச்சமும் சீக்கிரம் போகும் என்கிறார்கள். கேட்பது ஒன்றுதான். அந்த இரண்டாவது லாட்டை நிறுத்தி வையுங்கள்.

'பழைய இரும்பு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதற்குள் என்னதான் இருந்தது என்று பார்க்க, ஏலம் எடுத்தவரின் குடோனுக்குப் போனேன். பெல்ட் புல்லியோடு ஒரு பழைய பம்ப் கவிழ்ந்து கிடந்தது. வார்ப்பிரும்பு அல்லவா, கேஸ் கட்டர்கூட வேண்டியிருக்கவில்லை. சம்மட்டியாலேயே பாதியைத் துண்டாக்கியிருந்தார்கள். பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு ரிவெட் துளைகள். பித்தளைக்குத் தனி விலையாம், அதனால் அதைத்தான் முதலில் உளி வைத்துப் பெயர்ப்பார்களாம். எந்தப் பட்டறை வார்த்தது, எந்த வருஷம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பெரிய கம்பெனிகளின் கதைக்குக் குறைவில்லை. கிர்லோஸ்கர் 1903இல் பெல்காமில் இரும்புக் கலப்பை செய்தபோது, மண் விஷமாகிவிடும் என்று விவசாயிகள் ஒதுங்கினார்கள். முதல் கலப்பை விற்க இரண்டு வருஷம் ஆயிற்று. 1959இல் ஃபரிதாபாத்தில் ஜெர்மன் கூட்டோடு ஐஷர் டிராக்டர், மறுவருஷம் மாஸி ஃபெர்குசன் துணையோடு சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி. துர்காபூர் ஆய்வுக்கூடத்தில் நம் பொறியாளர்களே வடிவமைத்த ஸ்வராஜ் டிராக்டர் 1974இல் வந்தது. இதெல்லாம் தங்கள் மாணவர்களுக்குத் தேர்வில் வருகிற கேள்விதான்.

கோயம்புத்தூரையும் பாடத்தில் சேர்த்திருப்பீர்கள். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது, 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்தார்கள், மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் பம்புசெட் ஏறியது. ஆனால் அந்தப் பம்புகளை வார்த்த சின்னப் பட்டறைகள்? அவற்றில் பலவற்றுக்கு ஒரு ரசீதுப் புத்தகம்கூட மிஞ்சவில்லை. அந்தப் பித்தளைத் தகடுதான் அவர்களின் சரித்திரம். அதைத்தான் கிலோ கணக்கில் போட்டுவிட்டோம்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்துக் கும்பிட்ட அதே இயந்திரங்கள்தான் எடைமேடை ஏறின. நம் பக்திக்கும் ஒரு கெடு உண்டு போலிருக்கிறது. ட்ரோன் கருத்தரங்குக்கு அலங்கார வளைவு வைக்கப் பணம் இருந்தது. கொட்டகைக் கூரையில் நாலு தகரம் மாற்ற நிதி இல்லை. அந்த ட்ரோன்களும் ஒருநாள் ஏலத்துக்கு வரும். எடை குறைவு, பெரிதாக ஒன்றும் தேறாது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது லாட்டுக்குத் தேதி குறித்திருந்தால் தயவுசெய்து தள்ளிவையுங்கள். கொட்டகைச் சாவியை ஒரு வாரம் கொடுங்கள். என்னைப் போல ஓய்வுபெற்ற மோல்டர்களும் (வார்ப்பு அச்சு செய்பவர்கள்) ஃபிட்டர்களும் ஊரில் இருக்கிறோம். ஒவ்வொன்றையும் துடைத்து, படமெடுத்து, தகட்டில் உள்ளதை எழுதித் தருகிறோம். கூலி வேண்டாம். அதுவரை ஒரு தகட்டையும் யாரும் கழற்றாமல் காவலாளியிடம் சொல்லி வையுங்கள். வைக்க இடமில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். இரும்பு வியாபாரி கொடுத்த அதே விலையை, அதே எடைக்கு, நாங்கள் திரட்டித் தருகிறோம். லாரி வாடகையும் எங்களுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபவுண்டரித் தொழிலாளி ஒருவன்