டானின் குரல் யாருடையது?

அன்புள்ள அருணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நியூயார்க் போன கையோடு ‘காட்ஃபாதர்’ நாவலைப் படித்து முடித்ததாகவும், இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களில் ஆண்கள் வைத்ததுதான் சட்டம் போலிருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். ஆனால் அந்த நாவலின் டான், அதாவது மாஃபியா குடும்பத் தலைவன், வாயைத் திறக்கும்போதெல்லாம் தன் மனத்துக்குள் கேட்டது தன் தாயின் குரல்தான் என்று அதை எழுதிய மரியோ பூசோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பூசோ 1920-இல் மன்ஹாட்டனின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில், தென் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். ரயில்வேயில் கூலிவேலை பார்த்த தகப்பனார் மனநல மருத்துவமனைக்குப் போய்விட, பிள்ளைகளைக் கரையேற்றியவர் அந்த அம்மாள்தான். மகன் ரயில்வே குமாஸ்தா ஆனால் போதும் என்பதே அவருடைய பேராசை!

அந்தத் தாயைப் பார்க்க வேண்டுமானால், ‘காட்ஃபாதர்’ வருவதற்கு முன்பே பூசோ எழுதிய ‘தி ஃபார்ச்சுனேட் பில்கிரிம்’ நாவலைப் படி. பத்தாவது அவென்யூவில் சரக்கு ரயில் தெருவிலேயே ஓடுகிறது. அதற்கு முன்னால், ஆட்களை விலக்கியபடி, கறுப்புக் குதிரையில் பெருமிதத்தோடு போகிறான் கதைநாயகி லூசியா சாந்தாவின் மூத்த மகன். கதை அங்கே தொடங்குகிறது. மருத்துவமனையில் இருக்கும் கணவனைத் திரும்ப அழைத்து வருவதா என்ற கேள்வி எழும்போது, பிள்ளைகளை நினைத்து, வேண்டாம் என்று முடிவெடுக்கிறாள் லூசியா சாந்தா. டான் எடுக்கும் எந்த முடிவையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்.

விமரிசகர்கள் பாராட்டிய அந்தப் புத்தகம் விலைபோகவில்லை. கடன் நெருக்கவே, 1969-இல் ‘காட்ஃபாதர்’ வந்தது. தாயின் குரல் டானுக்குப் போயிற்று. அந்த நாவலை வைத்து இயக்குநர் கொப்போலா எடுத்த 1972 படத்தில் அடுப்படியும் ஆண்கள் கைக்குப் போயிற்று: எண்ணெய், பூண்டு, தக்காளி, கொஞ்சம் ஒயின், ஒரு துளி சர்க்கரை என்று டானின் மகன் மைக்கேலுக்குக் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுப்பவன், டானின் ஆளான, கொலைக்கு அஞ்சாத கிளமென்சா. எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாவலில் டானின் மனைவிக்கு மிஞ்சியது, கணவனின் ஆன்மாவுக்காகத் தினமும் தேவாலயத்துக்குப் போவதுதான்.

நீ படமெடுத்து அனுப்பிய ஹைலைன் பூங்கா, அந்தத் தெருத் தண்டவாளத்துக்கு மாற்றாக 1934-இல் தூண்களின்மேல் திறக்கப்பட்ட ரயில்பாதைதான். அடுத்த முறை போகும்போது, மேலேயிருந்து பத்தாவது அவென்யூ தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா